சேருவில மண்ணுக்குக் கீழே செம்பு

கொட்டாஞ்சேனைக் கடைகளில் செப்புக் குடம் பார்த்தால் எனக்குச் சேருவில நினைவுதான் வரும். மூதூருக்குத் தெற்கே, 1971இல் புவிச்சரிதவியல் திணைக்களத்தார் அங்கே செம்புத் தாதைக் கண்டுபிடித்தார்கள். உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லை அது. கறுத்த காந்தக்கல்லோடு சால்கோபைரைற் கலந்து கிடக்கிறது. செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனியம், பித்தளைபோல மினுங்கும்.

முற்காலத்திலேயே இங்கு செம்பு எடுத்திருக்கலாம் என்று தொல்லியலாளர் சுதர்ஷன் செனவிரத்ன எழுதியிருக்கிறார்.

2006இல் மாவிலாற்றில் சண்டை மூண்டது. அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பியவர்களிடம் காணி உறுதி இருக்கலாம். ஆனால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நிலத்தடிக் கனியம் அரசுக்குரியது. ஆய்வுக்கும் அகழ்வுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். துளைபோட யாராவது வந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.