தூய எரிசக்திக்குப் பொது நிதி : கேரளம் காட்டும் கணக்கு

சுற்றுப்புறப் பாதுகாப்புக்கும் தூய எரிசக்திக்கும் அரசு எவ்வளவு செலவிடுகிறது என்ற வினா, நிதிநிலை அறிக்கை வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்றது. தொகை கூடினால் பாராட்டும், குறைந்தால் குறைகூறலும் தொடர்வது வழக்கம். அத்தொகை எந்த நிபந்தனையின் பேரில், எந்தக் கட்டத்தில், எதனை அளந்து வழங்கப்படுகிறது என்ற வினாவோ அவ்வளவாக எழுவதில்லை. பொருளாதாரம் பயிலும் மாணவர்களும், திட்டங்களைச் செயற்படுத்தும் அலுவலர்களும் கூர்ந்து நோக்க வேண்டியது இந்த இரண்டாவது வினாவையே ஆகும். கருவியை நிறுவுவதற்குப் பணம் தந்தால் கருவி நிறுவப்படும். அது இருபத்தைந்து ஆண்டுகள் பழுதின்றி இயங்கும் என்பதற்கு அப்பணம் உறுதி தருவதில்லை.

இவ்வகைச் செலவினத்தின் பல வடிவங்களைத் திருவனந்தபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் காணலாம். மரபுசாரா எரிசக்திக்கான மாநில முகமையான ‘அனெர்ட்’ 1986-இலும், எரிசக்தி மேலாண்மை மையம் 1996-இலும் இந்நகரில்தான் நிறுவப்பெற்றன. நகருக்குத் தெற்கே விழிஞ்ஞம் கடற்கரையில் நாட்டின் முதல் அலை மின்நிலையம் அமைக்கப்பட்டது. ஆகவே, பொது நிதி எவ்வாறு பயன்தருகிறது, எங்கே பயன் தராமல் நின்றுவிடுகிறது என்பதை ஆராய இந்நகரம் ஏற்ற இடமாகும்.

பொது நிதி எதற்கு?

நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தின் விலையில் சுரங்கக் கூலி உண்டு, இரயில் கட்டணம் உண்டு, கொதிகலத்தின் தேய்மானம் உண்டு. புகையினால் பிறருக்கு விளையும் கேடு மட்டும் இல்லை. இவ்வாறு விலையில் சேராமல் சமுதாயத்தின் தலையில் விழும் செலவை வரியால் ஈடுகட்டலாம் என்பதனை ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கேடு விளைவிக்கும் பொருளுக்கு வரி விதிப்பது ஒரு வழி. கேடற்ற பொருளுக்கு மானியம் தருவது மற்றொரு வழி. இந்தியா இரண்டையும் கையாண்டுள்ளது.

கேரளத்தின் நிலை சற்றே வேறானது. இம்மாநிலத்தில் பொது மின்வழங்கலுக்கான நிலக்கரி அனல்மின் நிலையம் ஏதும் இல்லை. 1976-இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி (780 மெகாவாட்) முதலிய நீர்மின் நிலையங்களே அதன் சொந்த உற்பத்திக்கு முதுகெலும்பு. 120 மெகாவாட் நீர்மின் திட்டமொன்றை அமைதிப் பள்ளத்தாக்கில் மேற்கொள்ள எண்ணிய மாநிலம், மக்களின் எதிர்ப்பையும் அறிவியலாரின் கருத்தையும் அடுத்து 1983-இல் அதனைக் கைவிட்டது. அப்பகுதி 1985-இல் தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. காட்டைக் காத்ததற்கு ஒரு விலை உண்டு. மின்தேவை வளர வளர, அம்மின்சாரத்தை வெளி மாநிலங்களிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வாங்கப்படும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதே.

விழிஞ்ஞம் அலை மின்நிலையம்

மைய அரசின் கடல் வளர்ச்சித் துறை 1981-இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நிதியுதவியுடன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் அலை ஆற்றல் குறித்த ஆய்வை 1983-இல் தொடங்கினர். அதன் பயனாக விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 150 மெகாவாட் அன்று, 150 கிலோவாட் திறனுள்ள சிறு நிலையம் ஒன்று 1991-இல் இயங்கத் தொடங்கியது. அது இயங்கும் முறை எளிது. கடலில் இறக்கி நிறுத்தப்பட்ட பெரிய கான்கிரீட் பேழைக்குள் அலை புகும்போது உள்ளிருக்கும் நீர் உயர்ந்து காற்றை மேலே தள்ளும். அலை விலகும்போது நீர் தாழ்ந்து காற்றை உள்ளிழுக்கும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும் ‘வெல்ஸ்’ டர்பைன் அவ்விசையை மின்சாரமாக்கும். பிற்காலத்தில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இதே நிலையத்தின் மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையையும் நடத்தியது. இன்று அந்நிலையம் இயங்கவில்லை.

அதனை ஒரு மின்நிலையமாக எடைபோட்டால் செலவுக்கேற்ற யூனிட் கிடைக்கவில்லை என்றே கூற நேரிடும். ஆய்வுக்கூடமாக எடைபோட்டால் கணக்கு மாறுபடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தின் அலைவேகத்துக்கும் ஏனைய மாதங்களின் மந்தநிலைக்கும் இடையே ஒரு டர்பைன் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதை ஏட்டில் கற்க இயலாது, அங்கே கற்றனர். ஆனால், அவ்வாறு கற்றதை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு நிதித் தலைப்பு இருக்கவில்லை. ஆய்வுக்கு ஒரு துறையும் உற்பத்திக்கு வேறொரு துறையும் பொறுப்பாக இருக்கும்போது, இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டம் யாருடைய ஒதுக்கீட்டிலும் அடங்குவதில்லை. வணிக அளவில் அலை மின்நிலையம் எதுவும் இந்நாட்டில் இன்றுவரை இயங்கவில்லை.

கூரைமேல் சூரியத் தகடுகள்

அலையைக் காட்டிலும் வெயில் எளிதில் வசப்பட்டது. 2012-13-இல் அனெர்ட் நிறுவனம் பத்தாயிரம் வீட்டுக் கூரைகளில் ஒரு கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தொகுதிகளை மானியத்துடன் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. இவை மின்வாரியத்தின் கம்பியோடு இணையாதவை. பகலில் பெற்ற மின்சாரத்தை வீட்டிலேயே மின்கலத்தில் சேமித்து இரவில் பயன்படுத்துபவை. தத்துவத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. எனினும் சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடியது. வீடுகளில் அப்போது வழக்கிலிருந்த ஈய-அமில மின்கலமோ ஐந்து ஆண்டளவில் மாற்ற வேண்டியது. மானியம் முதல் மின்கலத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் மின்கலத்தின் விலையைக் கேட்ட குடும்பத்தலைவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை ஊகிக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

பின்னர்க் கொள்கை மாறியது. மின்கலம் இன்றி, கூரைத் தொகுதியை மின்வாரியக் கம்பியோடு இணைத்து, பகலில் மிகுந்ததை வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் ‘நிகர அளவீட்டு’ முறை பரவியது. 2019 பிப்ரவரியில் மைய அரசு ஒப்புதல் அளித்த இரண்டாம் கட்டக் கூரைத் திட்டமும், கேரள மின்வாரியத்தின் ‘சௌர’ திட்டமும் இம்முறையைப் பின்பற்றின. 2024 பிப்ரவரியில் ‘பிரதமரின் சூரிய வீடு’ எனும் பெருந்திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு ரூ. 75,021 கோடி மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ. 30,000, மூன்றாவதற்கு ரூ. 18,000, ஆக உச்ச வரம்பு ரூ. 78,000. மூன்று கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் மானியம் உயராது. வசதியுள்ளோர் பெருந்தொகையை எடுத்துக்கொள்ளாதபடி இட்ட நல்ல வேலி இது. இத்திட்டத்தில் கேரளம் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக உள்ளது.

இம்மதிப்பீட்டின் உட்பிரிவுகளைப் பார்ப்போம். வீட்டு மானியத்துக்கு ரூ. 65,700 கோடி, மின்பகிர்மான நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை ரூ. 4,950 கோடி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு ரூ. 1,000 கோடி, முன்மாதிரிச் சூரிய கிராமங்களுக்கு ரூ. 800 கோடி; பயிற்சிக்கு ரூ. 657 கோடி; புதுமைத் திட்டங்களுக்கு ரூ. 500 கோடி. நூறு ரூபாயில் ஏறத்தாழ 88 ரூபாய் கூரையில் தகடு ஏறும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. நிறுவும் ஒப்பந்தக்காரர் ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற விதி உண்டு. எஞ்சிய இருபது ஆண்டுகள் வீட்டுக்காரரின் பொறுப்பு.

பகல் மின்சாரமும் இரவுத் தேவையும்

கேரளத்தில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். மூன்று கிலோவாட் அமைத்த வீடு மாதம் ஏறத்தாழ 360 யூனிட் பெறும். மாதம் 250 யூனிட்டுக்கு மேற்பட்டால் முழு நுகர்வுக்குமே உயர்ந்த கட்டணம் விதிக்கப்படும் மாநிலத்தில் இது பெருத்த சேமிப்பாகும். ஆகவே மிகுதியாக மின்சாரம் செலவிடும் குடும்பமே மிகுதியாகப் பயனடைகிறது. சொந்தக் கூரையில்லாத வாடகைக்காரரும் அடுக்குமாடிக் குடியிருப்பினரும் இவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

மின்வாரியத்தின் இடர்ப்பாடு வேறு. 2024 மே மாதக் கோடையில் மாநிலத்தின் மின்தேவை 5,797 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. அது நிகழ்ந்தது பகலில் அன்று. குளிர்சாதனங்கள் ஓடும் இரவு வேளையில். நண்பகலில் கூரைகளிலிருந்து மின்சாரம் பெருகி வருகிறது. அப்போது சந்தையில் விலை மலிவு. இரவில் வாரியம் உயர்ந்த விலைக்கு வாங்குகிறது. நிகர அளவீட்டின்படி நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் சமம். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமையை யாரோ ஒருவர் ஏற்க வேண்டும். இறுதியில் அது தகடில்லாத நுகர்வோரின் கட்டணத்தில் வந்து சேரும். இதுபற்றி மாநிலத்தில் எழுந்துள்ள வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அரசை நம்பி முதலீடு செய்தவருக்கு இடையில் விதி மாறுவது அநீதி. கூரையற்றவர் கூரையுள்ளவருக்கு ஈடுகட்டுவதும் அநீதியே. பழைய இணைப்புகளுக்குப் பழைய விதியும் புதியவற்றுக்கு நேரத்துக்கேற்ற விலையும் வைப்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

நிலக்கரித் தீர்வையின் வரலாறு

செலவை விட்டு வரவுக்கு வருவோம். 2010-11 நிதிநிலை அறிக்கையில் தேசியத் தூய எரிசக்தி நிதி அறிவிக்கப்பட்டது. அதற்காக 2010 ஜூலை முதல் நிலக்கரி டன்னுக்கு ரூ. 50 தீர்வை விதிக்கப்பட்டது. அது 2014-இல் ரூ. 100, 2015-இல் ரூ. 200, 2016-இல் ரூ. 400 என உயர்ந்தது. பிகூவின் ஏட்டிலிருந்து எடுத்தாற்போன்ற வரி. ஆனால் 2010-11 முதல் 2017-18 முடிய வசூலான ரூ. 86,440 கோடியில், அந்நிதிக்கு மாற்றப்பட்டது ரூ. 29,645 கோடியே, திட்டங்களுக்குச் செலவானது ரூ. 15,911 கோடி. நூற்றுக்குப் பதினெட்டு எனலாம். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இத்தீர்வை ஒழிந்து, அதே ரூ. 400 மாநிலங்களுக்கு வருவாய் இழப்பீடு தருவதற்கான தீர்வையாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான வரி விகிதம் 5-லிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய அரசமைப்புச் செய்தி ஒன்றுண்டு. தீர்வைகளும் மேல்வரிகளும், விதி 270-இன்படி, மைய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுப்பில் சேர்வதில்லை. நிலக்கரி எரிக்காத கேரளம், வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தின் விலையினூடே இத்தீர்வையைச் சுமந்தது. அதில் உரிமையாகப் பங்கு கேட்க வழியில்லை. திட்டங்கள் வாயிலாகத் திரும்ப வந்தால்தான் உண்டு. அத்தகைய நிதி செலவாகாமல் கிடப்பது வெறும் கணக்கு நுணுக்கமாகாது.

மின்கலத்துக்கான நிதி

திருவனந்தபுரம் 2017-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் தேர்வானது. அந்நிதியைக் கொண்டு வாங்கப்பட்ட 113 மின்பேருந்துகள் 2023-இல் நகரச் சாலைகளுக்கு வந்தன. புகையும் இரைச்சலும் குறைந்ததைக் கிழக்கேகோட்டையில் நின்று பார்ப்பவர் எவரும் உணர்வர். சீர்மிகு நகரத் திட்டமோ 2025 மார்ச் 31-இல் நிறைவெய்தியது. பேருந்துகளின் மின்கலங்களை மாற்ற வேண்டிய ஆண்டு அதற்குப் பின்னரே வரும். நிறுவியது ஒரு திட்டம், இயக்குவது ஒரு கழகம், மாற்றுவது யார்? மின்கலத்தின் தேய்மானத்துக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காவிடில், 2012-இன் கூரைகளுக்கு நேர்ந்தது பேருந்துகளுக்கும் நேரலாம்.

இத்துறையில் நம்பிக்கை தரும் மாற்றம் 2023 செப்டம்பரில் மைய அமைச்சரவை ஒப்புக்கொண்ட மின்சேமிப்பு நிலையத் திட்டமாகும். 4,000 மெகாவாட்-மணி சேமிப்புத் திறனை உருவாக்க மொத்த மதிப்பீடு ரூ. 9,400 கோடி, அதில் அரசின் பங்கு ரூ. 3,760 கோடி, அதாவது மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை. வருவாய்க்கும் செலவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பும் இவ்வகை நிதி கேரளத்தினருக்குப் புதிதன்று. விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகத்துக்கான ரூ. 817.80 கோடி கொடையா, வருவாயிலிருந்து திருப்ப வேண்டிய கடனா என்பதுபற்றி நாளிதழ்களில் நீண்ட விவாதமே நடந்தது. சேமிப்புத் திட்டத்தில் உதவி ஒரே தவணையில் தரப்படுவதில்லை. பணியின் கட்டங்களோடு பிணைத்து ஐந்து தவணைகளில் தரப்படுகிறது. திறனில் குறைந்தது 85 விழுக்காட்டைப் பகிர்மான நிறுவனங்களுக்கு அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நிறுவும் நாளில் முழுத் தொகையும் கைமாறும் கூரை மானியத்தோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும்.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனும் 500 மெகாவாட்-மணி சேமிப்பும் கொண்ட நிலையத்தை அமைக்க ஒப்பந்தம் முடிவாகியுள்ளது. நண்பகலில் ஐந்து இலட்சம் யூனிட்டை ஏற்றுக்கொண்டு இரவில் நான்கு மணி நேரம் திருப்பித் தர அது வல்லது. 2024-இன் உச்சத் தேவையில் இது இரண்டு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். எஞ்சிய சேமிப்பு பெருநிலையங்களில் அமையுமா, கூரைத் தகடுகளின் கீழேயே வீடுதோறும் அமையுமா என்பதைச் செலவுக் கணக்கே முடிவு செய்யும். வீட்டு மின்கலத்துக்கெனத் தனி மானியம் எதனையும் 2024-இன் கூரைத் திட்டம் வைக்கவில்லை. அத்திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது.