காப்பி பாதியில் நின்றால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள்

கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், ஆபீஸ் கணக்கு என்று எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைக்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. பச்சைப் பட்டை முக்கால்வாசி வரை ஓடும். பிறகு வேகம் பூஜ்யத்துக்கு இறங்கும். கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கே திரையிலிருந்து காணாமல் போய்விடும். கடைக்கு எடுத்துப் போனால், "டிஸ்க் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பல சமயம் அது அவசரத் தீர்ப்பு.

சும்மா செருகி வைத்திருக்கும்போது ஒழுங்காக இருக்கிற டிஸ்க், காப்பி செய்யும்போது மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? ஒரு வேர்ட் ஃபைலைத் திறப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 100 ஜிபி எழுதுவது அப்படியல்ல. மின்சாரம் சீராக வர வேண்டும், கேபிளில் ஒரு பிட்கூடச் சிதறக் கூடாது, ஹெட் ஓயாமல் அலைய வேண்டும். எங்கே பலவீனம் இருந்தாலும் அப்போதுதான் வெளியே வரும்.

முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழ வேண்டும். பாக்கெட்டில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி போர்ட் கொடுப்பதை வைத்துத்தான் அது ஓட வேண்டும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் பல டிஸ்க்குகள் ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். சிபியுவின் முன்பக்க போர்ட்டிலோ, நாலு சாமான் தொங்கும் மலிவான ஹப்பிலோ செருகினால் அது எங்கிருந்து வரும்? ஹப்பைக் கழற்றுங்கள். சிபியுவின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நிறையப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது கேபிள். டிஸ்க் பக்கம் இருக்கும் அந்த அகலமான, தட்டையான முனை நாளடைவில் தொளதொளத்துப் போகும். லேசாக ஆட்டினால் விளக்கு அணைந்து எரிகிறதென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான கேபிள் வேண்டாம்.

ஊகிக்க வேண்டாம், ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸில் ஈவன்ட் வியூவர் இருக்கிறது. அதில் 'சிஸ்டம்' பதிவுகளைத் திறந்து, காப்பி நின்ற நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எண் 157 என்றால் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் துண்டிக்கப்பட்டது என்று பொருள்; கேபிள், மின்சாரம் பக்கம் தேடலாம். எண் 7 என்றால் தட்டிலேயே பழுதான இடம் இருக்கிறது. கடைக்காரரின் அவசரத் தீர்ப்பைவிட இந்தப் பதிவு நம்பகமானது.

ஒரே ஒரு பெரிய வீடியோ மட்டும் ஏற மறுக்கிறதா? டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் நிற்காது. இது கோளாறே இல்லை.

கோளாறு இல்லாமலே டிஸ்க் திணறும் இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பாளர்கள் அதை நீண்ட காலம் வெளியே சொல்லவில்லை. கொள்ளளவைக் கூட்டுவதற்காக, கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் சற்றே ஏறியிருக்கும்படி எழுதும் எஸ்எம்ஆர் என்ற முறை வந்தது. இதில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால் வருவதையெல்லாம் முதலில் ஒரு தனிப் பகுதியில் இறக்கி வைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது டிஸ்க் அடுக்கிக்கொள்கிறது. பெரிய காப்பியில் ஓய்வு ஏது? அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும்.

2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நெட்வொர்க்கில் இணைக்கும் நாஸ் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் வகை என்று ஒப்புக்கொண்டது. பழுதான டிஸ்க்குக்குப் பதில் இதைச் செருகி, தரவைத் திரும்பக் கட்டும்போது புது டிஸ்க்கே பிழை காட்டி வெளியேறுகிறது என்று பயனர்கள் துளைத்தெடுத்த பிறகுதான் அந்த ஒப்புதல் வந்தது. பிறகு பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று பிரித்தார்கள். பெட்டியின் மேலேயே போட்டிருக்க வேண்டிய விஷயம் இது. இன்றைய 2.5 அங்குல டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர்தான். வேகம் விழுந்தால் கேபிளைப் பிடுங்காமல் பொறுத்திருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

டிஸ்க்கே உண்மையில் சாகிறது என்றால் அதற்கும் அடையாளம் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதானதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. எண் இருப்பதைவிட, அது நாளுக்கு நாள் ஏறுவதுதான் ஆபத்து. சி7 வரி ஏறினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கின் சாட்டா கேபிளைச் சந்தேகிக்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் விண்டோஸின் 'செக்டிஸ்க்' சோதனையை ஓட்டுகிறார்கள். செய்யாதீர்கள். முழுச் சோதனை கொடுத்தால், சாகிற டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் அது தட்டிப் பார்க்கும். ஃபைல் அமைப்பையும் மாற்றி எழுதிவிடும். முதலில் வேண்டியதை வெளியே எடுங்கள், பழுது பார்ப்பது அப்புறம். லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் டிடிரெஸ்க்யூ ஓட்டச் சொல்லுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும் கருவி அது. எதுவரை முடிந்தது என்று குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். ஆனால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் எந்த மென்பொருளும் வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் பழக்கமாகட்டும்: ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிய ஃபைல்கள் சிலவற்றைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு மூலத்தை அழியுங்கள். வாரன்டியில் புது டிஸ்க் கொடுப்பார்கள், பழையதில் இருந்த படங்களைக் கொடுக்க மாட்டார்கள்.