புகழின் உச்சியில் ஊர் திரும்பிய வீரர்



விளையாட்டு வீரர் ஒருவர் எப்பொழுது களத்தை விட்டு விலக வேண்டும் என்பது எந்நாட்டிலும் ஓயாது எழும் வினாவாகும். பெரும்பாலார் உடல் தளர்ந்த பின்னரே விலகுகின்றனர். சிலரை இரசிகர்களின் முணுமுணுப்பே வெளியேற்றிவிடுகின்றது. ஆயின், தமது ஆற்றல் சிறிதும் குன்றாத காலத்தில், தமது துறையின் மிக உயர்ந்த கிண்ணத்தைக் கையில் ஏந்திய அதே கோடையில், பெரும் புகழையும் பெரும் ஊதியத்தையும் விட்டுத் தாய்நாடு திரும்பிய ஒருவர் இருந்தார். அவர் ஹோக்கன் லூப் என்னும் சுவீடிய வீரர். அவர் ஆடியது பனிக்கட்டி ஹொக்கி. அவர் அவ்வாறு திரும்பியதனால் இழந்தது யாது, பெற்றது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். புற்றரையில் ஆடும் ஹொக்கியை நாம் நன்கு அறிவோம். பனிக்கட்டி ஹொக்கியோ உறைந்த நீர்ப்பரப்பின் மீது, எஃகுத் தகடு பொருத்திய சறுக்குக் காலணிகளை அணிந்து ஆடப்படுவது. பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட வட்டமான இறப்பர்த் தட்டு ஒன்று பயன்படுகின்றது. அது துள்ளாதிருத்தற் பொருட்டு, ஆட்டத்துக்கு முன்னர் அதனைக் குளிரில் உறைய வைப்பது வழக்கம். களத்தைச் சுற்றிலும் பலகைச் சுவர் உண்டு. ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் நடைபெறும்.

ஓர் அணியில் ஒரே வேளையில் அறுவர் களத்தில் நிற்பர். கோல் காப்பவர் ஒருவர். தற்காப்பு வீரர் இருவர். முன்னணி வீரர் மூவர். இம்மூவருள் ஒருவர் நடுவிலும் ஏனைய இருவர் வலப்புறத்தும் இடப்புறத்துமாக ஆடுவர். சுவரோரமாக விரைந்து சென்று, எதிரியின் தற்காப்பை ஊடறுத்து, கோலை நோக்கித் தட்டை அடித்தலும், அடிக்க வல்லவருக்கு அதனை அளித்தலும் ஓர வீரரின் தொழில். ஓட்டத்தின் கடுமையால், ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை வீரர்கள் மாறிக்கொள்வர். அம்மாற்றமும் ஆட்டம் நில்லாது நடக்கும்போதே நிகழும். லூப் வலது ஓரத்து வீரர்.

அவர் 1960 ஆம் ஆண்டு யூலை மாதம் 3 ஆம் திகதி, பால்டிக் கடலில் உள்ள கொத்லாந்து என்னும் தீவில், விஸ்பி நகரில் பிறந்தார். விஸ்பி பழைய மதிற்சுவர் சூழ்ந்த வணிகத் துறைமுகம். அத்தீவிலிருந்து முன்னேற விரும்பும் இளைஞர் கடல் கடந்து பெருநிலப்பரப்புக்குச் செல்ல வேண்டியவராயினர். லூப்பும் அவ்வாறே சென்று, வேனர் என்னும் பேரேரியின் கரையிலுள்ள கார்ல்ஸ்ராட் நகரின் ஃபார்யெஸ்ராட் கழகத்தில் இணைந்தார். 1981 ஆம் ஆண்டில் அக்கழகம் சுவீடனின் சம்பியன் பட்டத்தை வென்றபொழுது அவரும் அவ்வணியில் இருந்தார்.

அவர் உருவத்தால் பெரியவரல்லர். உயரம் 5 அடி 9 அங்குலமே. உடலோடு உடல் மோதும் இவ்வாட்டத்தில் அது ஒரு குறையாகவே கருதப்பட்டது. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கிச் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவரிசையில் தெரிவு செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. 1980 ஆம் ஆண்டுத் தெரிவில், கனடாவின் கல்கரிக் கழகம் லூப்பைத் தெரிந்தெடுத்தது. அவருக்குக் கிடைத்த இடமோ 181 ஆவது. அவருக்கு முன்னர் 180 இளைஞர் மேலானவராக மதிக்கப்பட்டனர் என்பது இதன் பொருள்.

லூப் உடனே கனடாவுக்குப் புறப்படவில்லை. மேலும் மூன்று பருவங்கள் தாய்நாட்டிலேயே ஆடினார். 1982-83 பருவத்தில் 36 ஆட்டங்களில் 42 கோல்கள் அடித்தார். மேலும் 34 கோல்களுக்குத் துணை நின்றார். இவ்விளையாட்டில் கோல் அடித்தவருக்கும், அதற்கு வழிசெய்து கொடுத்தவருக்கும் தனித்தனியே ஒரு புள்ளி கணக்கிடுவர். ஆகவே அவர் பெற்ற புள்ளிகள் 76. பல்லாண்டுகள் கழிந்தும் முறியடிக்கப்படாத சாதனையாக அது நிலைத்தது. அவ்வாண்டில் சுவீடனின் தலைசிறந்த ஹொக்கி வீரருக்குரிய பொற்றட்டு விருதும் அவருக்கே உரியதாயிற்று.

1983 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் கல்கரியை அடைந்தார். குதிரைச் சேணத்தைப் போன்ற கூரையுடைய புதிய அரங்கு அந்நகரில் திறக்கப்பட்டதும் அதே காலத்திலேயே. அங்கு அவருக்குக் காத்திருந்த இடர்கள் இரண்டு. முதலாவது, களத்தின் அளவு. ஐரோப்பியக் களங்களின் அகலம் 30 மீற்றர். வட அமெரிக்காவிலோ அது 85 அடி, அஃதாவது ஏறத்தாழ 26 மீற்றர். இந்த நான்கு மீற்றர் குறைவு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் ஓர வீரருக்கு அது பெரிய வேறுபாடு. விலகிச் செல்ல இடம் குறையும்பொழுது மோதல் மிகுகின்றது. சிந்திக்கும் நேரமும் சுருங்குகின்றது.

இரண்டாவது இடர் மனிதரின் உள்ளத்தில் இருந்தது. சுவீடியர் திறமை வாய்ந்தவர், ஆனால் அடிக்கு அஞ்சுபவர் என்ற இகழ்ச்சி அந்நாளில் அங்கு வழங்கியது. 1973 இல் ரொறன்ரோவுக்குச் சென்ற பேர்யே சால்மிங் என்னும் தற்காப்பு வீரர், அடிகளையும் வசைகளையும் ஒருங்கே தாங்கி, அவ்வெண்ணத்தைப் பெரிதும் தகர்த்தார். அவர் வெட்டிய பாதையிலேயே லூப் முதலானோர் நடந்தனர்.

லூப் தம்மினும் பெரியவரோடு மோதி வெல்ல முயலவில்லை. விரைவு, கூரிய பார்வை, திடீரென்று திசை மாறும் திறன் ஆகிய மூன்றையுமே துணையாகக் கொண்டார். முதற் பருவத்திலேயே 30 கோல்கள் அடித்து, புதிய வீரர்களுள் சிறந்தோர் அடங்கிய அணியில் இடம்பெற்றார். 1987-88 பருவத்தில் 50 கோல்களும் 56 துணைகளுமாக 106 புள்ளிகள் ஈட்டினார். அச்சங்கத்தின் பருவம் ஒன்றில் 50 கோல் என்னும் எல்லையைத் தொட்ட முதற் சுவீடியர் அவரே. அவருக்குப் பின் வந்த மார்க்குஸ் நேஸ்லுண்ட் என்னும் புகழ்பெற்ற வீரர் 48 வரை வந்து நின்றுவிட்டார். அப்பருவத்தின் இறுதியில், சங்கத்தின் தலைசிறந்த வலது ஓர வீரராகவும் லூப் தெரிவானார். 181 ஆவது இடத்தில் வைக்கப்பட்டவர் தமது இடத்துக்கு முதல்வரானார்.

எனினும் அவ்வாட்டத்தின் உச்சப் பரிசாகிய ஸ்ரான்லிக் கிண்ணம் அவர் கைக்கு எட்டவில்லை. 1893 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் அவ்வெள்ளிக் கிண்ணத்தில், வென்ற வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்படும். 1986 இல் கல்கரி இறுதிச் சுற்று வரை சென்று மொன்றியல் அணியிடம் தோற்றது. அந்த மொன்றியல் அணியில் மற்றொரு சிறிய உருவச் சுவீடியர் இருந்தார். அவர் மட்ஸ் நேஸ்லுண்ட். இவர் இடது ஓர வீரர். இவர் பெயரை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

மூன்றாண்டுகளின் பின், 1989 இல், அதே இரு அணிகளும் இறுதிச் சுற்றில் மீண்டும் எதிர்ப்பட்டன. மே மாதம் 25 ஆம் திகதி, மொன்றியலின் சொந்த அரங்கிலேயே கல்கரி நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் ஆட்டத்தை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்வரங்கில் மொன்றியல் அணியை வீழ்த்திக் கிண்ணம் பெற்ற வெளியூர் அணி அது ஒன்றே. நேஸ்லுண்ட் தோற்றவர் வரிசையிலும் லூப் வென்றவர் வரிசையிலும் நின்றனர்.

அப்பொழுது லூப்புக்கு 29 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. ஆறு பருவங்களில் 450 ஆட்டங்கள், 193 கோல்கள், 236 துணைகள் என்பது அவர் கணக்கு. இன்னும் பல ஆண்டுகள் அங்கே ஆடியிருக்கலாம். அவரோ தம் பிள்ளைகள் சுவீடனில் வளர்ந்து அங்கேயே பள்ளிக்குச் செல்ல வேண்டும் என விரும்பி, தமது பழைய ஃபார்யெஸ்ராட் கழகத்துக்கே திரும்பிவிட்டார்.

அவர் இழந்தது சிறிதன்று. வட அமெரிக்காவில் சாதனைகளை ஆயுள் முழுவதுக்குமான மொத்தக் கணக்கால் அளப்பர். ஆறு பருவங்களோடு நின்றவர், பதினைந்து, இருபது பருவங்கள் ஆடியவரோடு அப்பட்டியல்களில் போட்டியிட இயலாது. அவரது பெயர் அங்கு விரைவில் பின்னுக்குத் தள்ளப்பட்டமை வியப்பன்று.

பெற்றதோ வேறு. 1987 இல் வியன்னாவில் சுவீடன் உலக சம்பியன் பட்டம் வென்றபோது லூப் அவ்வணியில் ஆடியிருந்தார். 25 ஆண்டுகளின் பின்னர் அந்நாட்டுக்குக் கிட்டிய பட்டம் அது. தாயகம் திரும்பிய பின், 1991 இல், இரண்டாவது முறையும் உலக சம்பியனானார். எஞ்சியிருந்தது ஒலிம்பிக் தங்கம். பனிக்கட்டி ஹொக்கியில் அதனைச் சுவீடன் அதுவரை ஒரு முறையேனும் பெற்றதில்லை.

1994 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி, நோர்வேயின் லில்லஹாமர் நகரில், சுவீடனும் கனடாவும் இறுதி ஆட்டத்தில் மோதின. லூப்புக்கு வயது 33. கனடா இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் இருக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது சுவீடன் ஒரு கோலடித்துச் சமன் செய்தது. மேலதிக நேரத்திலும் முடிவு காணாமையால், வீரர் ஒருவர் பின் ஒருவராகத் தனியே சென்று கோல் காப்பவரை எதிர்கொள்ளும் முறைக்கு வந்தனர். சுவீடனின் முதல் வீரராகச் சென்றவர் லூப். அவர் அடித்தது கோலாகவில்லை. மட்ஸ் நேஸ்லுண்டும் சென்றார், அவருக்கும் வாய்க்கவில்லை. இறுதியில் பீற்றர் போஷ்பெர்க் என்னும் இளைஞர், கோல் காப்பவரை ஒரு பக்கம் இழுத்து, ஒரு கைப்பிடியால் மறுபக்கம் தட்டைத் தள்ளி வெற்றியீட்டினார். அக்காட்சி பின்னர் சுவீடனின் அஞ்சல் முத்திரையிலும் இடம்பெற்றது.

ஒலிம்பிக் தங்கம், உலக சம்பியன் பட்டம், ஸ்ரான்லிக் கிண்ணம் ஆகிய மூன்றையும் பெற்ற வீரர்களை முப்பொற் குழுவினர் எனப் போற்றுவர். உலகில் அச்சிறப்பை முதன்முதலாக எய்தியவர்கள் மூவர்: லூப், மட்ஸ் நேஸ்லுண்ட், தொமாஸ் யோன்சன். மூவரும் சுவீடியர், மூவரும் அதனை எய்தியது அந்த ஒரே நாளில். கனடாவில் இரு முறை எதிரெதிரே நின்ற லூப்பும் நேஸ்லுண்டும் அன்று ஒரே நிறச் சட்டையில் நின்றனர். தம் அடி தவறிய நாளிலேயே லூப்புக்கு அப்பேறு கிட்டியது என்பதும் கருதத் தக்கது. அணி விளையாட்டு என்பதன் பொருள் அதுவே.

1996 இல் லூப் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் நெடுங்காலம் ஃபார்யெஸ்ராட் கழகத்தின் நிருவாகத்தில் பணியாற்றினார். அவர் அணிந்த ஐந்தாம் இலக்கத்தை அக்கழகத்தில் வேறொருவரும் அணியாதவாறு ஒதுக்கி வைத்தனர். 1998 இல் சர்வதேசப் பனிக்கட்டி ஹொக்கிச் சம்மேளனமும் அவரைத் தனது புகழ்மிக்கோர் வரிசையிற் சேர்த்தது.

நேயர்களே, வீரர் எவரும் இவ்வாறே செய்தல் வேண்டும் என நான் கூற வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஆடுவோர்க்கு இத்தகைய தெரிவு எளிதன்று. ஆயினும், லூப் விட்டுச் சென்ற ஆண்டுகளை மட்டும் எண்ணுவோர், அவர் ஊருக்குக் கொண்டு சென்றவற்றையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். தம் வலிமை குன்றிய பின்னர் ஓய்வுக்காக அவர் ஊர் திரும்பவில்லை; அது குன்றாதிருந்தபோதே திரும்பி, மேலும் ஏழு பருவங்கள் ஆடி, தம் நாட்டுக்கு அதுவரை கிட்டாத தங்கத்திலும் பங்குகொண்டார்.