அம்மாவுக்கு ஒரு பிச்சாத்தி

மார்த்தாண்டம் சந்தைக்குப் போனா நல்ல கத்தியே கிடைக்கும். பிறகு நாம எதுக்குச் செய்யணும்? கடைக் கத்தி எல்லாருக்குமானது. பரிசாகச் செய்யும் கத்தி ஒரு கைக்கும் ஒரு வேலைக்குமானது. அதனால முதல் வேலை இரும்பு தேடுறது இல்லை மக்களே, அதைப் பிடிக்கப்போகிறவரைக் கவனிக்கிறதுதான்.

நம்ம ஊர்க் கத்திகளைப் பாருங்க. பனையேறியின் பாளை அரிவாள் பாளையை மெல்லிசா சீவணும், அதனால கூர்தான் முக்கியம். ரப்பர் பால் வெட்டும் கத்தியின் வாய் வளைஞ்சிருக்கும். மேல்பட்டையை மட்டும் சீவி, உள்ளே இருக்கும் மரத்துக்குக் காயம் படாம இருக்கணும். வெட்டுகத்தி விறகைத் தாங்கணும், அதனால கனம். வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்குது.

உங்க அம்மா மீன் வெட்டுறதை ஒரு நாள் கவனிங்க. சாளையா, பெரிய மீனா? வலது கையா, இடது கையா? உள்ளங்கை அகலத்தை அளந்துக்கோங்க. நாலு விரலும் பதியிற அளவுக்குப் பிடி வேணும்.

அடுத்தது இரும்பு. கொல்லப்பட்டறைகளில் அதிகம் பயன்படுறது ஜீப், லாரி பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். இதில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். சாதாரண எம்.எஸ். பட்டையில் 0.25க்கும் கீழே, அதை எவ்வளவு காய்ச்சினாலும் கூர் நிற்காது. ஓடித் தேய்ஞ்ச பட்டையில் கண்ணுக்குத் தெரியாத ஃபெடீக் விரிசல் இருக்கலாம். புதுப் பட்டையின் வெட்டுத்துண்டு கிடைச்சா நல்லது. துத்தநாகம் பூசின இரும்பை உலையில் வைக்கவே கூடாது, அந்தப் புகை விஷம்.

பட்டை தடிமனா இருக்கும். மீன் வெட்டும் பிச்சாத்திக்கு முதுகு 2 முதல் 2.5 மி.மீ. போதும். அடிச்சு மெலியவைக்கக் கொல்லரின் உதவி வேணும். சிரட்டைக்கரி உலையில் அடிச்சு முடிச்சதும், சிவக்கக் காய்ச்சி ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைச்சு வைங்க. மெதுவா ஆறினா இரும்பு இளகி, அரம் பிடிக்கும். வடிவத்தை அராவுங்க, வாயை மட்டும் அரை மி.மீ. தடிமனில் விட்டுடுங்க. இப்பவே கூராக்கினா சூட்டில் வளையும்.

இனி துவைச்சல். பரிசு தேறுமா தேறாதான்னு முடிவாகிற இடம் இதுதான். காந்தம் ஒட்டாமப் போகிற சூடு 770 டிகிரி செல்சியஸ். அதுக்கு மேலேயும் கொஞ்சம், 850 வரைக்கும் காய்ச்சணும். கொல்லர் இதை நிறத்தில் கண்டுபிடிப்பார்; வெயிலில் அந்த நிறம் தெரியாது, பட்டறைக்குள் வெளிச்சம் குறைவா இருக்கிறது அதுக்கு வசதி. பிறகு வெதுவெதுப்பான எண்ணெயில் நுனி கீழே இருக்க, நேரா இறக்குங்க. நாம மெட்டலர்ஜி பாடத்தில் படிச்ச ஆஸ்டெனைட் இங்கே மார்டென்சைட் ஆகுது. தண்ணீரில் முக்கினா வேகமாகக் குளிர்ந்து கீறல் விழலாம். எண்ணெய் தீப்பிடிச்சா மூடி போட்டு அணைக்கணும், தண்ணீர் ஊத்தக் கூடாது.

இப்ப அரம் வழுக்கும். "சூப்பர், முடிஞ்சுது"ன்னு இதைக் கொடுத்துடாதீங்க! இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. முள்ளில் பட்டதும் வாய் உதிரும், அந்தத் துணுக்கு மீன் குழம்புக்குள்ளே போகும். அதனால 200 டிகிரியில் ரெண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ரெண்டு மணி நேரம் டெம்பரிங் செய்யணும். மினுக்கிய இரும்பில் வெளிர் வைக்கோல் நிறம் வரும். கடினம் கொஞ்சம் குறையும், உடையாத தன்மை கூடும். தடித்த மீன் தலையைப் பிளக்கிற கத்தின்னா 260 வரை, பழுப்பு நிறம். எவ்வளவு கடினத்தை விட்டுக்கொடுக்கணும்கிறதை அம்மாவின் வேலைதான் சொல்லும்.

இதெல்லாம் நமக்குப் புது அறிவு இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் பழங்கால இரும்பு, உருக்கு உலைகள் கிடைச்சிருக்கு. இந்தியாவின் வூட்ஸ் உருக்கை ஆராய்ந்து 1819ல் கட்டுரை எழுதினவர் மைக்கேல் ஃபாரடே. அவரும் ஒரு கொல்லரின் மகன்தான்.

பிடிக்கு அயினியோ பலா வைரமோ போதும். எபாக்சி தடவி, ரெண்டு பித்தளை ஆணி அடிச்சு, கை உறுத்தாதபடி தேயுங்க. கடைசியா ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி வச்சு சாணைக்கல்லில் தீட்டுங்க. கிரைண்டரில் நிற்கும்போது கண்ணாடி கட்டாயம். முடிச்ச கத்தியைப் பெருமைக்குக் காலேஜுக்குக் கொண்டு வராதீங்க, நேரா வீட்டுக்கு!

கத்தியைக் கையோடு கை கொடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கீழே வச்சு அம்மாவையே எடுக்கச் சொல்லுங்க. இது துருப்பிடிக்கும் இரும்பு. கழுவினதும் துடைச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவணும். புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், அது குறை இல்லை. மாசம் ஒருமுறை லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது தீட்டிக் கொடுக்கிறது மட்டும் உங்க பொறுப்பு.