பெரிய மீன்களை அளக்கும் பலகை

ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன் பிடித்து ஜீவிக்கும் குடும்பங்களுக்கு மீனின் நீளம் அற்பமான விஷயமன்று. இன்ன நீளத்திற்குக் குறைந்த மீனைப் பிடிக்கலாகாது என்ற விதி அமலிலுள்ள நீர்நிலைகளில், ஒரு விரற்கடைக் குறைவு ஒருவனுடைய அன்றைய வரும்படியையே போக்கிவிடக்கூடும். கரையில் ஒருவர் துணி நாடாவால் அளப்பார். மற்றொருவர் சாணால் அளப்பார். இருவர் கணக்கும் ஒன்றாக இராது. பிறகு எழும் சச்சரவில் மீன் வெயிலில் கிடந்து கெடுவதே மிச்சம். கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் நல்ல அளவுப்பலகை ஒன்றை வைத்திருக்குமானால் இச்சச்சரவுகளில் பெரும்பாலானவை தோன்றவே மாட்டா.

விதியை அமல் செய்வதற்கு மட்டுமே பலகை வேண்டும் என்று எண்ணலாகாது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்திலும், 1955-இல் முடிவுற்ற பவானிசாகரிலும் பிடிபடும் கட்லா, ரோகு, மிருகால் என்னும் பெருங்கெண்டைகள் காவிரிக்கு இயற்கையாக உரியவையல்ல. இவை வடக்கிலுள்ள ஆறுகளைச் சேர்ந்தவை. குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டவை. விட்ட குஞ்சு வளர்கின்றதா, வளருமுன் வலைக்கு இரையாகின்றதா, வலைக்கண்ணைப் பெரிதாக்க வேண்டுமா என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை கரையில் எழுதப்படும் நீளக் கணக்கிலேயே உள்ளது. அக்கணக்கு பிழையானால் அதைக்கொண்டு செய்யப்படும் ஏற்பாடும் பிழையாகும், நஷ்டம் செம்படவருக்கு.

பலகையின் அமைப்பு எளிது. மட்டமாக இழைத்த ஒரு பலகை. அதன் ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்திய தலைக்கட்டை. நடுவில் நீளவாட்டில் பதித்த அளவுகோல். மீனை வலப்பக்கம் கீழாக, தலை அளப்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கும்படி கிடத்தி, வாயை மூடி, மூக்கின் நுனி தலைக்கட்டையைத் தொடும்படி மெதுவாக நகர்த்தி, வால் முடியும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். சிறு மீனுக்கு இவ்வளவே போதும். பெரிய மீனுக்கோ சிறு மீன்களுக்கென்று செய்த பலகை பயன்படாது. நீளம் போதாமை மட்டும் இதற்குக் காரணமன்று என்பதைப் பலர் உணர்வதில்லை.

ஒரு மீட்டர் நீளமுள்ள கட்லா மிகவும் பருத்த மீன். பலகையின்மேல் அது பக்கவாட்டில் கிடக்கும்போது அதன் மூக்கு பலகையைத் தொடுவதில்லை. உடலின் பாதிப் பருமனளவு உயரத்தில் நிற்கும். தலைக்கட்டை நான்கைந்து சென்டிமீட்டரே உயரமாக இருந்தால் மூக்கு அதற்கு மேலாகத் தாண்டி வெளியே நீண்டுவிடும். மீன் உள்ளதைவிடக் குறுகியதாகக் கணக்கில் ஏறும். ஆகையால் பெரிய மீன்களுக்கான பலகையில் தலைக்கட்டை 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நலம். அது பலகைக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கின்றதா என்பதையும் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே சிறிது வெளிப்புறம் சாய்ந்த கட்டை சிறு மீனைச் சரியாகவும் பெரிய மீனைப் பிழையாகவும் காட்டும். இக்குற்றம் எளிதில் வெளிப்படாது. கட்லாவின் கீழ்த்தாடை முன்னே நீண்டது; ரோகுவின் வாய் கீழ்நோக்கியது, அதன் மூக்கே முன்னிற்கும். எது முன்னே நிற்கின்றதோ அது கட்டையைத் தொட வேண்டும்.

வாற்புறத்திலும் இதே தொல்லை உண்டு. வால் பலகைக்கு மேலே உயர்ந்து நிற்கையில், நேர் மேலிருந்து பாராமல் சாய்வாகப் பார்ப்பவர் தப்பான கோட்டைப் படிப்பார். கண் பலகைக்கு 60 சென்டிமீட்டர் உயரத்திலும், வாலின் நுனிக்கு நேரிலிருந்து 15 சென்டிமீட்டர் விலகியும் இருப்பதாகக் கொள்வோம். வால் 8 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் பிழை 2 சென்டிமீட்டருக்கு மேலாகும். வாலைக் கையால் தாழ்த்திப் பலகையோடு சேர்ப்பது ஒரு வழி. விறைத்துப்போன மீனில் அது முடிவதில்லை. வாலின் நுனியில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி, அதன் அடி தொடும் கோட்டைப் படிப்பதே மேலான வழி. பலகையோடு ஒரு மூலைமட்டத்தையும் சங்கிலியிட்டு வைப்பது வீண் செலவன்று.

பலகையின் நீளம் அந்நீர்நிலையில் பிடிபடும் மிகப்பெரிய மீனைவிட ஒரு சாண் அதிகமாயிருக்க வேண்டும். பெருங்கெண்டைகளுக்கு 120 சென்டிமீட்டர் பெரும்பாலும் போதும். வாளை மிகுந்த இடங்களில் 150 வேண்டும். அகலம் 30 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. கட்லா அகன்ற மீனாதலால் குறுகிய பலகையில் வயிறு ஓரத்தில் தொங்கி முதுகெலும்பு வளையும். விரால் போன்ற உருண்ட மீன்கள் மட்டப் பலகையில் புரளும். அவற்றை மிகுதியாக அளக்கும் சங்கங்கள் இரு பலகைகளைச் சரிவாகச் சேர்த்த பள்ளப் பலகையைச் செய்துகொள்ளலாம். அதில் மீன் தானாகவே நடுவில் அடங்கி நேராக நிற்கும்.

எந்தப் பொருளால் செய்வது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. தேக்கு உள்ளூர்த் தச்சரே இழைத்துத் தரக்கூடியது. மரம் ஈரத்தில் அகலவாட்டிலேயே பெருக்கும். நீளவாட்டில் மாறுதல் மிகச் சொற்பம். எனவே நீள அளவு கெடும் என்ற அச்சம் வேண்டுவதில்லை. பலகை கோணிக்கொள்வதே அபாயம். அதற்கு அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் அடித்தால் போதும். அலுமினியம் கோணாது; ஆனால் வெயிலில் கொதிக்கும், கண்ணைக் கூசச் செய்யும். உயிருடன் அளந்து திரும்ப விட வேண்டிய மீனுக்கு அது சிறிதும் ஏற்றதன்று. பிளாஸ்டிக் பலகைகள் இலேசானவை, கழுவ எளியவை; மெல்லியதாக இருந்தால் பெரிய மீனின் பாரத்தில் நடுவே தொய்யும். கீல் வைத்து மடிக்கும் பலகை தூக்கிச் செல்ல ஸௌகரியமானதுதான். ஆயினும் கீலின் இடுக்கில் செதிலும் சேறும் அடைந்து இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாமற் போகும். வேறு வழியில்லாத இடத்திலன்றி அதை வாங்காதிருப்பதே உசிதம். துணி நாடாவோ நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். மீனின் உடல் வளைவின்மேல் வைத்தால் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும்.

அளவுகோலை வர்ணத்தால் எழுதினால் சில மாதங்களில் தேய்ந்து மறையும். துருப்பிடியாத எஃகு அளவுகோலைப் பலகையில் குடைந்து பதித்துப் பித்தளைத் திருகாணியால் இறுக்குவது நெடுநாள் நிற்கும். அதன் பூஜ்யம் தலைக்கட்டையின் உள்முகத்தில் சரியாகத் தொடங்க வேண்டும். கடையில் விற்கும் கோல்கள் பலவற்றில் பூஜ்யத்திற்கு முன் சிறிது வெற்றிடம் இருக்கும். அதை அப்படியே பதித்துவிட்டால் ஒவ்வொரு மீனும் அவ்வளவு குறைந்தே பதிவாகும். பிழை சிறிதென்று எண்ணவும் கூடாது. மீனின் எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறுவதால், 50 சென்டிமீட்டர் மீனில் ஒரு சென்டிமீட்டர் பிழை எடைக் கணக்கில் நூற்றுக்கு ஆறு வீதமாகின்றது.

கோலில் அங்குலமும் சென்டிமீட்டரும் சேர்ந்திருப்பது கேடு. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் அளவுகள் வழக்கிற்கு வந்தன. பழைய கணக்கு அங்குலத்தில் இருந்தால் அதை 2.54-ஆல் பெருக்கிக் கொள்ளலாம். அதற்காகப் பலகையில் இரண்டையும் பொறிக்க வேண்டாம்.

எந்த நீளத்தை அளப்பது என்பதைப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும். மூக்கிலிருந்து வாலின் நுனிவரை முழு நீளம். வால் கவையின் நடுப்பள்ளம் வரை கவை நீளம். வால்துடுப்பு தொடங்கும் இடம் வரை உடல் நீளம். ஒரே கட்லாவில் இவை ஒன்றுக்கொன்று பல சென்டிமீட்டர் வேறுபடும். விதி முழு நீளத்தைக் குறிக்க, காவலர் கவை நீளத்தை அளந்தால், குற்றமற்றவர் குற்றவாளி ஆவார். வால் கிழிந்த மீனுக்கு முழு நீளம் கிட்டாது. கணக்கில் அதைத் தனியே குறிக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையில் முடியும் நீளத்தை எப்போதும் கீழ்க்கோட்டின்படியே எழுதுவது என்று ஒரு முறையை வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஆள் மாறாது.

உயிருள்ள மீனை அளப்பதில் தனிக் கவனம் தேவை. 1957-இல் ஒரிஸ்ஸாவில் சௌதுரி, அலிகுன்ஹி என்ற விஞ்ஞானிகள் ஊசி மருந்தால் கெண்டைகளை முட்டையிடச் செய்ததிலிருந்து, பெரிய தாய்மீன்களைக் காப்பாற்றி வைப்பது மீன் பண்ணைகளின் முக்கிய வேலையாயிற்று. காவிரியின் திமில் மஹ்சீரோ 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இத்தகைய மீன்களுக்குப் பலகையை முன்னதாகவே நிழலில் வைத்து நீரூற்றி நனைக்க வேண்டும். உலர்ந்த மரமும் உலர்ந்த கையும் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். அதன் வழியே நோய் புகும். கண்களின்மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டால் மீன் துள்ளுவது அடங்கும். வாலைப் பிடித்துத் தூக்கலாகாது. ஒருவர் அளக்கவும் மற்றொருவர் எழுதவும் ஆயத்தமான பின்னரே மீனை நீரிலிருந்து எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பலகையைக் கழுவித் துடைத்து, சுவரில் சாய்க்காமல் தட்டையாக வைக்க வேண்டும். மாதத்திற்கொருமுறை வேறொரு எஃகுக் கோலை அதன்மேல் வைத்துத் தலைக்கட்டையிலிருந்து 50, 100 சென்டிமீட்டர்க் குறிகள் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்து, சோதித்த தேதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது சங்கக் காரியதரிசியின் பொறுப்பு.