வேளாங்கண்ணி நடையில் துணியும் தோலும்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் காரைக்கால் கடலோரத்து மண்டபத்தூருக்கு மேற்கே போகும் நெடுஞ்சாலை, நடைப்பயணிகளின் உடுப்பால் காவி நிறமாகிவிடும். சென்னை, புதுச்சேரி, கடலூர்ப் பக்கங்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்கள் தரங்கம்பாடியைத் தாண்டிக் காரைக்கால் மாவட்டத்துக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் மாதா திருவிழா. சென்னையில் கிளம்பியவர்கள் இங்கே வரும்போது நடை தொடங்கி ஒரு வாரமாவது ஆகியிருக்கும். கால் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நல்ல மனிதர்கள் வழியெல்லாம் உண்டு. அந்த ஒரு வாரமாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணியைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. தொடையிடுக்குப் புண், படர்தாமரை, சொறி என்று திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும் தொல்லைகளில் அந்தத் துணிக்கும் பங்கு உண்டு.

வியர்வை உப்பாகும்போது

வியர்வைக்குத் தனியாக நாற்றம் ஏதும் இல்லை. தோலிலும் துணியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. நடக்க நடக்கத் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் துணியின் மடிப்பிலும் தையலிலும் தங்குகிறது. இடுப்பு நாடா, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கச்சையின் விளிம்பு ஆகிய இடங்களில் அந்த உப்புத்துணி தோலை நாள் முழுக்க அராவுகிறது. முதலில் சிவப்பு, பிறகு எரிச்சல், பிறகு தோல் உரிந்த புண். ஈரத்தில் ஊறிய தோலுக்குத் தாங்கும் வலு குறைவு. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இந்தச் சிறிய புண்ணே சீழ் பிடிக்கப் போதும்.

காலையில் கிளம்புமுன் தொடையிடுக்கில் வாசலின் தடவிக்கொள்வது உரசலைக் குறைக்கும். பவுடரை அள்ளிக் கொட்டுவது வேண்டாம். வியர்வையில் அது கட்டிகட்டியாகித் தானே உரசத் தொடங்கிவிடும்.

கடற்கரையில் துணி ஏன் காய்வதில்லை

தஞ்சாவூரில் ஒரு மணி நேரத்தில் காயும் துண்டு, மண்டபத்தூரில் சாயங்காலம் கொடியில் போட்டால் விடிந்தும் நமுத்துக் கிடக்கும். கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருவது பாதிக் காரணம், உப்பு மீதிக் காரணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடுகிறது. கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை உறிஞ்சும்.

ஆகவே, வழியில் ஆசைக்குக் கடலில் குளித்துவிட்டு அதே துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு நடப்பவர்களின் உடுப்பு நாள் முழுக்கக் காயவே காயாது. வெயிலில் காய்ந்த மாதிரித் தெரியும், பொழுது சாய்ந்ததும் மறுபடி பிசுபிசுக்கும். கடல் வேலைக்குப் போகிறவர்கள் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உடம்பையும் கைலியையும் அலசுவது இதனால்தான். உப்புத்துணிக்குச் சோப்பைவிட முதலில் வேண்டியது இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர்.

பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாகவோ கடினமாகவோ இருக்கும். கடின நீரில் சோப்புக்கட்டி நுரைக்காது, வெள்ளைப் படிவமாகத் துணியில் ஒட்டும். அதற்குச் சலவைத் தூள் பரவாயில்லை, ஆனால் ஒரு சிட்டிகை போதும். அலசிப் போகாத தூளும் தோலை எரிக்கும். தேங்கிய குட்டையில் துவைப்பதைத் தவிர்க்க வேண்டும். எலியும் கால்நடையும் சிறுநீர் கழிக்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கொப்புளம் உடைந்த காலோடு அதில் இறங்குவது, கிருமியை நாமே உள்ளே விடுவதாகும்.

எதை உடுத்துவது

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காவி உடுப்பில் பாலியஸ்டர் கலந்தது அதிகம். அது சீக்கிரம் காயும், அது நிஜமான வசதி. ஆனால் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளை ஒப்பிட்டபோது பருத்தியைவிடப் பாலியஸ்டரே மோசமாக நாறியது. நாற்றம் தரும் ஒருவகைக் கிருமி அந்த இழையில் நன்றாகப் பெருகியிருந்தது. என் கருத்து இது: மேலே எதை வேண்டுமானாலும் போடுங்கள், தோலை ஒட்டுவது தளர்வான பருத்தியாக இருக்கட்டும். இறுக்கமான ஜீன்ஸும் லெக்கிங்ஸும் இந்த நடைக்கு ஆகவே ஆகாது.

உள்ளாடை மூன்று செட் வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில் உலர்ந்தபடி. இரவுக்கென்று நடையில் போடாத ஒரு கைலியோ நைட்டியோ தனியாக இருக்க வேண்டும். படுக்கும் அந்த ஆறேழு மணி நேரம்தான் தோலுக்குக் கிடைக்கும் ஓய்வு.

தங்கும் இடத்தில் துவைத்தால்

பகல் ஓய்வுக்கு நிற்கும்போதே துவைத்துவிடுவது நல்லது. வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அப்போதுதான். அலசிப் பிழிந்த துணியை உலர்ந்த பருத்தித் துண்டுக்குள் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். பிறகு உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, மடிப்பில்லாமல் போட வேண்டும். அழுக்கும் கிருமியும் தங்கும் தையல் பக்கத்துக்குத்தான் வெயில் வேண்டும். காயாமல் மீந்ததைப் பைக்கு வெளியே ஊக்கால் குத்தித் தொங்கவிட்டு நடக்கலாம். பிளாஸ்டிக் கவருக்குள் முடிந்து வைத்தால் மறுநாள் பூஞ்சை வாடையோடுதான் வெளியே வரும்.

பெண்களுக்கு இதில் கூடுதல் பாடு. மாதவிலக்குத் துணியைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப் போடும்போது அது காய்வதில்லை, ஈரத்தோடேயே மறுபடி பயன்படுகிறது. அரிப்புக்கும் தொற்றுக்கும் அது நேர்வழி. நல்ல வெயிலில் காய வைக்க இடமில்லாத நாட்களில் நாப்கின்தான் பாதுகாப்பு. அதையும் நடந்து வியர்ப்பவர்கள் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழுவை நடத்திச் செல்பவர்கள் தங்கும் இடத்தைப் பார்க்கும்போது, பெண்கள் துணி துவைக்கவும் காயப்போடவும் மறைவான, வெயில் படும் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லலாம்.

வழியில் சனி பகவான் தலமான திருநள்ளாற்றுக்கும் போய்வருகிறவர்கள் நளன் தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். கட்டிய துணியைக் குளத்திலேயே விடும் பழக்கம் தண்ணீரையும் கெடுக்கிறது. மாற்றுத்துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், நனைந்ததைக் குளத்தில் விடாமல் எடுத்து வந்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

களிம்பு வாங்குமுன்

அரையில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்கு விற்பவையாக மாற்றியது இந்தக் கேட்டைப் பார்த்துத்தான். இந்தியாவில் பரவலாகிவிட்ட ஒரு பூஞ்சை வகை, வழக்கமான டெர்பினாஃபைன் மருந்துக்கும் பல நேரங்களில் அடங்குவதில்லை. 2020-இல் அதற்கு இந்தியாவைக் குறிக்கும் டிரைகோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பெயர் வந்தது. 2023-இல் நியூயார்க் வரை அது போய்ச் சேர்ந்ததை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அரிப்பு வந்தால் களிம்பு தேடாமல் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். கொடுத்த மருந்தை, தோல் தெளிந்துவிட்டது என்று பாதியில் விடாதீர்கள்.

பை வீட்டுக்குள் வருமுன்

1909-இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். டைஃபஸ் காய்ச்சலோடு வந்தவர்கள் வாசலில் இருந்தவரை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பினார்கள். குளித்து, பழைய உடுப்பைக் களைந்து வார்டுக்குள் போன பிறகு பரப்பவில்லை. துணித் தையலில் வாழும் சீலைப்பேன்தான் காரணம் என்று அவர் நிறுவினார். 1928-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

அதேபோல நம் நடைப்பயணிகளின் துணியோடு வீட்டுக்கு வரக்கூடியவை சொறிப்பூச்சியும் பூஞ்சையும். பையை வாசலிலேயே பிரித்து, போர்வை, துண்டு உட்பட எல்லாவற்றையும் வீட்டுத்துணியோடு கலக்காமல் துவைக்க வேண்டும். படர்தாமரை உள்ளவரின் துணியைக் கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரி வெந்நீரில், ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயவைத்துச் சூடாக இஸ்திரி போடுவது நல்லது. துவைக்க முடியாத பையையும் தலையணையையும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடலை விட்டு விலகிய சொறிப்பூச்சி பெரும்பாலும் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரிப்பு கூடினால், நடந்து வந்தவர் மட்டுமன்றி வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும், கைக்குழந்தைக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு.