கல்லையும் நெருக்கினால் இறுகும்

மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நில நடுக்கம் என்று செய்தி வரும்போதெல்லாம் ‘எரிமலைப் பாறைப் பகுதி’ என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும். அதைப் படித்த திருத்தணி வாசகர் ஒருவர் கேட்கிறார்: அந்தப் பாறை எங்கள் ஊர்க் கல்லைவிடக் கெட்டியா? அதன் யங் குணகம் (விறைப்பின் அளவு) எவ்வளவு? எண் சொல்லலாம். ஆனால் எவ்வளவு அழுத்தத்தில் அளந்தது என்று கூடவே சொல்லாவிட்டால் அந்த எண் செல்லாக்காசு. திருத்தணி மலை எரிமலை கக்கியதல்ல. சித்தூரிலும் வட தமிழகத்திலும் பழம்பாறையை வெட்டிக்கொண்டு கருஞ்சுவராக ஓடும் டோலரைட்தான் கொய்னாவின் எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குப் பங்காளி; அதே வகைக் குழம்பு, வெளியே வராமல் உள்ளேயே உறைந்தது. (அதைக் ‘கருப்பு கிரானைட்’ என்று விற்கிறார்கள். கிரானைட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

பசால்ட்டில் இரண்டு வகை வெற்றிடம் உண்டு. குழம்பிலிருந்து பிரிந்த வாயுக் குமிழிகள் விட்டுப்போன உருண்டைத் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். குளிர்ந்து சுருங்கியபோது விழுந்த விரிசல்களில் மிக மெல்லியவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். கல்லைத் தளர்த்துவது துளைகள்தான் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பருமனில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உருண்டைத் துளை இருந்தால் கல்லின் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள தட்டை விரிசல்களோ, மொத்தப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதைவிட அதிகமாகக் குறைத்துவிடும். ஆட்டிவைப்பது வெற்றிடத்தின் அளவல்ல, தட்டையான வடிவம். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் படியேறும் வரிசையைப் பாருங்கள். ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடைவெளி இருந்தால், கீழே தள்ளியது மேலே போய்ச் சேர நேரமாகும். காவடியும் காவடியும் உரசும் அளவுக்கு நெருங்கிவிட்டால் அடுத்த நொடியே மேலே தெரியும். அதிர்வலையும் அப்படித்தான்: அழுத்தம் ஏற ஏற விரிசல்கள் மூடும், அலை வேகமெடுக்கும். படி நெடுக வரிசை இறுகினாலும் பக்கவாட்டில் இடம் காலியாகவே கிடக்கலாம். ஒரே திசையில் நெருக்கிய பாறையிலும் அந்தத் திசையில் அலை விரைந்து ஓடும், குறுக்கே மெதுவாகவே போகும். உருண்டைத் துளை, நடுப்படியில் உட்கார்ந்துவிட்ட பாட்டி. எந்த நெரிசலிலும் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டே போகும். இதற்கு மேல் இழுத்தால் முருகனே பொறுக்கமாட்டார்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1923-ல் வாஷிங்டனில் ஆடம்ஸ், வில்லியம்சன் என்ற ஆய்வாளர்கள் பாறைகளை நெருக்கியபோது, தொடக்கத்தில் அவை எதிர்பார்த்ததைவிட அதிகம் சுருங்கின. பழியை விரிசல்கள்மேல் போட்டார்கள். 1960-ல் ஹார்வர்டின் பிரான்சிஸ் பர்ச் சுமார் 10,000 வளிமண்டல அழுத்தம் வரை அலைவேகத்தை அளந்து வெளியிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

அழுத்தம் ஏற ஏற அலை வேகமெடுக்கும் என்றால், அலைவேகத்தைப் பார்த்தே பூமிக்குள் அழுத்தம் ஏறுவதைக் கண்டுபிடித்து நில நடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லலாமே என்று கேட்கலாம். 1973-ல் நியூயார்க் மாநிலத்தின் ப்ளூ மவுண்டன் லேக்கில் ஒரு சிறு நடுக்கத்தை இப்படிச் சொல்லிவிட்டதாகப் பெரும் ஆரவாரம் எழுந்தது. பிற இடங்களில் பலிக்காமல் அடங்கியது. ஒரு சிக்கல் தண்ணீர். விரிசலுக்குள் புகுந்த நீர் உள்ளிருந்து முட்டி, மேற்பாறையின் பாரத்தில் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடும். நீர் நிறைந்த விரிசலை நெட்டலை பெரிதாகப் பொருட்படுத்தாது, குறுக்கலை தடுமாறும். வேகம் மாறியது அழுத்தத்தாலா, நீராலா என்று பிரிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கொய்னாவிலோ நடுக்கங்களைத் தூண்டுவதில் நீர்த்தேக்கமே சந்தேக நபர்: அங்கே 1967 டிசம்பர் 11-ல் வந்த நடுக்கம் ரிக்டரில் 6.3. செய்திகள் விட்டுவிடும் ஒன்று: அங்கே பசால்ட்டின் தடிமன் ஏறக்குறைய 1.25 கிலோமீட்டர்தான், நடுக்கங்கள் பெரும்பாலும் அதற்கடியில் உள்ள கிரானைட் வகைப் பாறையில் பிறப்பவை. பசால்ட் வெறும் மூடி. முன்பு நான் சொன்ன அளவு தட்டையான விரிசல்கள் மூட சுமார் 600 வளிமண்டல அழுத்தம், அதாவது இரண்டு கிலோமீட்டர் ஆழம் வேண்டும். அந்த மூடியின் அடிப்பக்கத்தில்கூட அவை முழுதாக மூடியிருக்காது.

கொய்னாவில் 2017-ல் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வெட்டியெடுக்கும் கல் உருளை மேலே வரும்போதே நெருக்கம் தளர்ந்து, அதில் புது விரிசல்கள் விழும். ஆய்வகத்தில் அதே அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்தாலும் விரிசலின் இரு முகங்களும் பழையபடி பொருந்த வேண்டுமென்பதில்லை. அதனால்தான் துளைக்குள்ளேயே கருவியை இறக்கி, கல் தன் இடத்தில் இருக்கும்போது அலைவேகத்தை அளந்து, ஆய்வக அளவையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.